வைப்பாற்றின் தலைமாட்டில் நிற்கும் அத்தி

 

சாத்தூர் போன்ற தீப்பெட்டி ஊருக்கு மரத்தின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். அதன் பிறகு குச்சிக்கு மரம் வேண்டிக் கேரளத்து லாரிகளுக்காகக் காத்திருந்த வட்டாரம் இது. ஆனால் இன்றைய பேச்சு வெட்டி எடுக்கும் மரத்தைப் பற்றியது அல்ல. வெட்டாமல் நிற்கும்போதுதான் பயன் தருகிற ஒரு மரக்குடும்பத்தைப் பற்றியது.

ஐரோப்பியரிடம் காட்டைத் தாங்கும் மரம் எது என்று கேட்டால் ஓக் என்பார்கள். பிரிட்டனில் மட்டும் 2,300 வகை உயிர்கள் ஓக் மரத்தை அண்டி வாழ்கின்றன என்று 2019-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். அவற்றில் 326 உயிர்களுக்கு ஓக்கை விட்டால் வேறு புகலிடம் கிடையாது. உத்தரகண்ட் மலைக் கிராமங்களில் ‘பாஞ்ச்’ என்று அழைக்கப்படும் ஓக்கும் அப்படித்தான். அதன் இலை உதிர்ந்து மட்கிய மண் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையிலும் சுனை ஊறும். பைன் பரவிய சரிவுகளிலோ உதிர்ந்த ஊசியிலை காய்ந்து கிடக்கும், ஒரு பொறி பட்டாலே மலை எரியும்.

தமிழகத்து மலைகளில் ஓக் இயல்பாக வளர்வதில்லை. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் காப்பித் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு இனம். அப்படியானால் நம் காட்டைத் தாங்குவது யார்? மேற்கே திருவில்லிபுத்தூர் மலையில், ஓடைக்கரையில், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கிறதே, அந்த அத்தியும் அதன் சொந்தங்களான ஆல், அரசு, இத்தி, கல்லால் எல்லாமும்தான்.

மா ஒரு பருவம் காய்க்கும், நாவல் ஒரு பருவம் பழுக்கும். மற்ற மரங்கள் எல்லாம் கைவிரித்து நிற்கும் மாதங்களிலும் காட்டில் எங்காவது ஓர் அத்தியோ ஆலோ பழுத்திருக்கும். மழைமாதத்தில் பட்டாசு ஆலையில் வேலை இல்லாதபோது, நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி தருகிற மளிகைக் கடைக்காரரைப் போல இந்த மரம் காட்டுக்கு வாய்த்திருக்கிறது. இருவாச்சி, பச்சைப்புறா, குக்குறுவான், மந்தி, மரநாய், பழந்தின்னி வௌவால், கீழே உதிர்ந்ததைப் பொறுக்கும் மான் என்று எல்லாரும் அங்கே வருவார்கள். உலகம் முழுக்க 1,200-க்கும் மேற்பட்ட பறவை, விலங்கு இனங்கள் அத்தி இனப் பழங்களைத் தின்கின்றன என்று 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தொகுத்துக் காட்டியது. வேறு எந்த மரக்குடும்பமும் இத்தனை உயிர்களுக்குப் பந்தி வைப்பதாகத் தெரியவில்லை.

தின்றவர்கள் சும்மா போவதில்லை, விதையைச் சுமந்து போகிறார்கள். 1883-இல் கிரகதோவா எரிமலை வெடித்து அந்தத் தீவே சாம்பலாகிப் போனது. பிறகு அங்கே காடு திரும்பியபோது, பறவையும் வௌவாலும் கடல் தாண்டிக் கொண்டுவந்து போட்ட விதைகளிலிருந்து முளைத்த அத்தி இன மரங்கள் முன்வரிசையில் நின்றன. அவற்றில் வந்து உட்கார்ந்த பறவைகள் மற்ற மரங்களின் விதைகளையும் எச்சத்தில் இட்டுப் போயின.

அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிட்டுப் பார்த்தால் உள்ளே பூச்சி இருப்பது உண்மைதான். ஆனால் காட்டின் பிழைப்பே அந்தப் பூச்சியில்தான் இருக்கிறது. அத்திக்கு வெளியே பூ தெரியாது. காய் என்று நாம் பார்ப்பதன் உட்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். எள்ளளவுகூட இல்லாத ஒரு பெண் குளவி, காயின் நுனியிலுள்ள துளை வழியாக முண்டி நுழையும். நுழையும்போதே சிறகு பிய்ந்துவிடும். சில பூக்களில் முட்டையிடும், மற்றவற்றில் மகரந்தம் சேர்க்கும், அங்கேயே செத்துப்போகும். குஞ்சுகளில் ஆணுக்குச் சிறகே கிடையாது. அது இணை சேர்ந்து, வெளியேற வழி குடைந்து கொடுத்துவிட்டு முடிந்துபோகும். பெண் குளவி மகரந்தத்தைச் சுமந்துகொண்டு பறக்கும். அதன் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் சரியான பக்குவத்தில் காய் பிடித்திருக்கும் இன்னொரு அத்தியை அது கண்டுபிடித்தாக வேண்டும். அத்திக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறு குளவி. ஒன்றின் வேலையை மற்றொன்று பார்க்காது.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பக்குவமாகும். ஆகவே பறந்து வரும் குளவிக்கு அதே மரம் உதவாது. வேறு பக்குவத்தில் இன்னொரு மரமும், அதற்கப்பால் இன்னொன்றும் இருக்க வேண்டும். நினைவுச் சின்னம் மாதிரி ஒற்றை ஆலமரத்தை வேலி போட்டுக் காத்தால் போதாது. மலையடிவாரத்து ஆல், கண்மாய்க்கரை ஆல், ஊர் மந்தை ஆல் எல்லாம் காற்றில் மிதந்து வரும் அந்தக் குளவியால் கோக்கப்பட்ட ஒரே சரம். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆல் விழுந்தால் அந்தச் சரத்தில் ஒரு கண்ணி அறுகிறது. ராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் சாலையோர மரங்களோடு சேர்த்துச் சொல்லும் சீமை இது. நான்குவழிச் சாலை வந்தபோது நிழல் தந்த பழைய மரங்கள் வரிசை வரிசையாக விழுந்ததையும் இதே சீமைதான் பார்த்தது.

மலையில் நடப்பது சாத்தூருக்கு எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. வைப்பாறு பிறப்பது அங்கே. வெம்பக்கோட்டை அணைக்கு வருவதும், இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடுவதும், ரயிலில் கூவி விற்ற சாத்தூர் வெள்ளரியை விளைவித்ததும் அந்த மலைச்சரிவில் விழுந்த மழைதான். ஓடைக்கரை மண்ணைத் தன் வேரால் கவ்விப் பிடித்திருப்பது அத்தி. அத்தி நிற்கும் இடத்தருகே நிலத்தடி நீர் இருக்கும் என்பதை 6-ஆம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் பிருகத் சம்கிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மலையில் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கென்றே சரணாலயம் அமைந்தது. கிளையோடு கிளை உரசி நிற்கும் காட்டில்தான் அந்த அணில் வாழ முடியும். தரையில் இறங்கி நடப்பது அதற்கு ஆபத்து. அந்த மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் தலைக்கு மேலே ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது தாவுவதைப் பார்த்தவர்களுக்கு, நடுவில் ஒரு மரம் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் மேகமலையும் சேர்ந்து, திருவில்லிபுத்தூர்–மேகமலை இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம் ஆனது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். இந்தியக் காட்டுயிர் ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர் என்பதை இந்த மேடை பெருமையோடு நினைக்க வேண்டும். 2024-இல் அவர் மறைந்தார். அவர் நடந்த காடு நம் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. நல்ல இலக்கு. ஆனால் எத்தனை கன்று வைத்தோம் என்ற கணக்கோடு நின்றுவிடாமல், என்ன கன்று வைத்தோம் என்றும் கேட்க வேண்டும். சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் மரங்களை மட்டும் நட்டால் கணக்கு நிறையும், பறவையின் வயிறு நிறையாது. சீமைக் கருவேலம் மூடிய கண்மாய்க் கரைகளில் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதில் பிழைப்பு இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. அதே கரையில் நூறடிக்கு ஓர் ஆலோ அத்தியோ நிற்கவும் இடமிருக்கிறது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. கோயில் கோபுரத்திலும் கிணற்றுச் சுவரிலும் முளைத்துக் கட்டடத்தைப் பிளக்கும் ஆல், அரசு, இத்திக் கன்றுகளைப் பிடுங்கி எறியாமல், வேரோடு பக்குவமாக எடுத்து, வீடுகளுக்குத் தள்ளிப் புறம்போக்கில் நடலாம். ஆலம்போத்து வெட்டி ஊன்றுவது நம் தாத்தாக்கள் கைப்பழக்கம். ஆடு கடிக்கிற உயரத்துக்கு மேலே தளிர்விடும் என்பதால் காவலும் குறைவு. அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும். அன்றைக்கே எந்தக் கண்மாய்க் கரையில், எந்த மந்தையில் எத்தனை போத்து என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் குழி தோண்டி முடித்துவிடலாம்.