வானத்துக் கடிகாரம் யாருடையது?

(ஓகூஸில் நடந்த எமது வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் எங்கட அண்ணா ஒருவர் கேட்டார்: "செய்மதி எல்லாம் ஆமிக்காரன்ர சாமான். இடதுசாரியளுக்கு அதில என்ன வேலை?" நியாயமான கேள்விதான். ஆனால் அது ஆமிக்காரனின் சாமானாக இருப்பதுதான் என்னுடைய பிரச்சினையே.

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் கையில் இருப்பது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுச்சனத்துக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே பிழையாக்கி அனுப்பினார்கள். திருத்தமானது அவர்களுடைய படைக்கு. கிளின்டன் ஒரு உத்தரவு போட்டார், பிழை நின்றது. ஒரு உத்தரவில் நிற்பது இன்னொரு உத்தரவில் திரும்ப வரலாம்தானே? ஐரோப்பா கலிலியோவைக் கட்டியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

வழிகாட்டி என்று நாங்கள் சொல்வது உண்மையில் ஒரு கடிகாரம். ஒவ்வொரு செய்மதியும் 'இப்ப நேரம் இது, நான் நிற்கிற இடம் இது' என்று சொல்லிக்கொண்டே சுற்றும். நாலு செய்மதிகளின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து உங்கட போன் கணக்குப் போடும். ஒரு நனோசெக்கன் பிசகினால் தூரம் 30 சென்ரிமீற்றர் பிசகும். வங்கி, மின்வலை, தொலைபேசிக் கோபுரம் எல்லாம் இந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஓடுது. தெரு மாறிப் போறது சின்ன விசயம்.

'சொந்தம்' என்ற சொல்லும் லேசானதில்லை. இந்தியா நாவிக்கைச் சொந்தமாகச் செய்தது. ஆனால் முதல் செய்மதியின் மூன்று அணுக்கடிகாரங்களும் ஐரோப்பாவில் வாங்கியவை, மூன்றும் பழுதாகின. அதற்கு மாற்றாக 2017 ஓகஸ்டில் அனுப்பியது வெப்பக் கவசம் கழராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2023 மே மாதம் போன என்விஎஸ்-01இல்தான் அகமதாபாத்தில் செய்த கடிகாரம் ஏறியது.

டென்மார்க் மாதிரிச் சின்ன நாட்டால் இதைத் தனியாகச் செய்யேலாது. பங்குதான். கலிலியோ செய்மதிகளுக்கு உறுப்பு நாடுகளின் சிறுபிள்ளைகளின் பெயர்களை வைத்தார்கள். டென்மார்க்கின் பெயர் சிஃப். 2012 ஒக்ரோபரில் போனது, 2014இல் மின்சக்தி குறைந்து படுத்துவிட்டது. (எங்கட நாட்டின் அதிர்ஷ்டம் அப்படி.) மற்றவற்றில் பெரும்பாலானவை ஓடுகின்றன. கலிலியோ குடிசார் நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. படைகளும் பாவிக்கலாம், ஆனால் சாவி படையிடம் இல்லை. இந்த வித்தியாசத்தை நாங்கள் காப்பாற்ற வேணும். 2022 யூன் 1 வாக்கெடுப்போடு டென்மார்க் ஐரோப்பியப் பாதுகாப்புக் கொள்கைக்குள்ளும் போய்விட்டது. சாவி யாரிடம் போகும் என்ற பேச்சில் இனி எங்கட அரசுக்கும் ஒரு குரல் உண்டு, அதனால் எங்களுக்கும் ஒரு வேலை உண்டு.

ஆனால் வானத்தை மட்டும் பார்த்தால் நிலம் தெரியாது. செய்மதிகளோடு பேச நிலத்தில் அன்டெனா வேணும். ஜிபிஎஸ் பாவிக்கிற அமெரிக்க நிலையங்களில் ஒன்று கிறீன்லாந்தில், பிட்டுஃபிக் தளத்தில் இருக்கிறது. 1951 உடன்படிக்கையோடு தளம் வந்தது. 1953 மே மாதம், தளத்தை விரிவாக்க, அங்கே வாழ்ந்த இனுகுவிற் குடும்பங்களை டென்மார்க் அதிகாரிகள் எழுப்பினார்கள். சனம் நூறு கிலோமீற்றருக்கு மேல் வடக்கே, கானாக்குக்குப் போனது. 1999இல் நீதிமன்றம் அது பிழை என்று சொல்லி நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2003இல் உச்ச நீதிமன்றமும் நட்டஈட்டோடு நிறுத்திக்கொண்டது. காணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

வலிகாமம் வடக்குச் சனத்துக்கு 1990இல் நடந்ததும், பலாலியைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் எண்டு சொல்லிக் காணிகளை மூடினதும் எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கானாக்கின் கதை எத்தினை பேருக்குத் தெரியும்? நான் இங்க பிறந்து, இங்க படிச்சு, போன வருசம்தான் அறிஞ்சன்.

அந்த 2003 தீர்ப்பை டேனிஷில் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு முன்னம் முக்கியமான பகுதிகளைத் தமிழாக்க இரண்டு பேர் வேணும். கேள்வி கேட்ட அண்ணா, நீங்கள் வாறீங்களோ?