வலது காலில் ஒரு கம்பி



வீட்டில் கரண்டில் ஓடும் பழைய ரேடியோ வைத்திருப்பவர்கள், இந்த உரை முடிந்ததும் ஒரு காரியம் செய்து பாருங்கள். எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு, பெட்டியருகே காதை வையுங்கள். அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஓர் இரைச்சல் கேட்கலாம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. ரேடியோவுக்குள் அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது, முழுவதும் வடிகட்ட முடியாமல் தங்கிவிடும் மிச்சம்தான் அந்த முனகல்.

மின்பொறியியலில் இளநிலையும் முதுநிலையும் சேர்த்துப் படிக்கும் ஒரு மாணவரின் ஐந்து வருஷத்தை இந்த முனகலை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் படிப்பைப் பற்றி. பி.டெக். நான்கு ஆண்டு, பிறகு கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். இரண்டு ஆண்டு, ஆக ஆறு ஆண்டு என்பது வழக்கமான பாதை. இரண்டையும் ஒரே படிப்பாகக் கோத்து, பத்து செமஸ்டரில், ஐந்தே ஆண்டில் முடிப்பதைத்தான் பிள்ளைகள் ‘டூயல் டிகிரி’ என்கிறார்கள். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யிலும், காரக்பூர், பம்பாய் ஐ.ஐ.டி.க்களிலும் இந்த ஏற்பாடு வேரூன்றியது. பிளஸ் டூ முடித்ததும் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வழியாக நேரே சேர்வது ஒரு வழி. பி.டெக்.கில் சேர்ந்து, பாதிப் படிப்பில் மதிப்பெண்ணைக் காட்டி மாறிக்கொள்வது இன்னொரு வழி. எங்கே எந்த வழி திறந்திருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இனி அந்த முனகல். முதல் வருஷம் லேபில் நுழையும் பிள்ளை, அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் ப்ரோப் நுனியைச் சும்மா விரலால் தொடுகிறது. திரையில் ஓர் அலை எழுகிறது. எங்கும் இணைக்கவில்லை, பேட்டரியும் இல்லை. சுவருக்குள் ஓடும் மின்சாரம் நம் உடம்பை ஏரியலாக்கிக்கொண்டு வந்து நிற்கிறது! ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 20 மில்லிசெகண்ட். எண்ணிப் பார்த்தால் அதே 50. மூன்றாம் வருஷத்தில், எந்த அலையையும் பல எளிய அலைகளாகப் பிரிக்கலாம் என்ற ஃபூரியேயின் கணக்கு கைக்கு வருகிறது. வேண்டாத 50-ஐ மட்டும் வெட்டி எறியும் வடிகட்டியைத் தாளில் வடிவமைத்து, தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம்.

நான்கு வருஷப் படிப்பு ஏறக்குறைய இந்த இடத்தில் நிற்கும். ஐந்தாம் வருஷம் இதே கேள்வியின் அடியாழத்துக்குப் போகும்.

ஈ.சி.ஜி. கருவியையே எடுத்துக்கொள்வோம். இதயத்துடிப்பு தோல்மேல் வந்து சேரும்போது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான். அதைவிடப் பெரிதாக, நொடிக்கு 50 அலை என்ற அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மேலே படுத்திருக்கும். தாளில் போட்ட வடிகட்டியைக் கொண்டுவந்து வைத்தால் இரைச்சல் போகும். கூடவே துடிப்பின் கூர்மையான முகட்டிலும் ஒரு துண்டு போகும், ஏனென்றால் அந்த முகட்டுக்குள்ளும் 50 ஹெர்ட்ஸ் ஒளிந்திருக்கிறது. மருத்துவருக்கு அந்த முகடு பிசகாமல் வேண்டும். அப்படியானால் என்ன செய்வது? உடம்பு முழுக்கப் பொதுவாக நிற்கும் இரைச்சலை அளந்து, தலைகீழாக்கி, வலது கால் வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்பினால், இரைச்சல் வந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது. அதிலும் நோயாளிக்கு ஆபத்தில்லாதபடி மின்னோட்டத்தை மிக மிகச் சிறிதாகக் கட்டிவைக்க வேண்டும்.

இப்படி ஒரு விடையைப் புத்தகத்தில் படித்துவிடலாம். கைவேலையாகச் செய்யும்போது, சிறிய துடிப்பைப் பெரிதாக்கும் பெருக்கி தானாகவே ஊளையிடும். கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடிய சர்க்யூட், பலகையில் பூட்டியதும் பேச்சைக் கேட்காது. மூன்று வாரம் தேடிய பிறகு, தரைக்கம்பி நான்கு விரற்கடை நீளம் கூடிப்போனதுதான் காரணம் என்று தெரியவரும். அந்த மூன்று வாரத்தை இளநிலைப் பாடத்திட்டம் தராது. அடுத்த திங்கட்கிழமை வேறு ஒரு தேர்வு காத்திருக்கும். ஒரே கேள்வியோடு ஓராண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் ஐந்தாம் வருஷம் தரும் செல்வம் என்பேன்.

சிரமமும் உண்டு. உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கும் வருஷத்தில், விடுதியில் பாதி அறைகள் புதியவர்களிடம் போயிருக்கும். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு “இந்த வாரம் என்ன ஆச்சு?” என்று கேட்பார். சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த நாட்களில் வீட்டிலிருந்து வரும் போனில் “இன்னும் முடியலையா?” என்ற கேள்வி வராமல் இருந்தால் பெரிய உதவி.

பெற்றோரே, “ஒரு வருஷம் மிச்சம், இரண்டு பட்டம் லாபம்” என்ற கணக்கில் மட்டும் இந்தப் படிப்பை எடைபோடாதீர்கள். பதினேழு வயதில் எல்லாப் பிள்ளைக்கும் தன் மனம் தெரிந்துவிடாது. விடை கிடைக்காத கேள்வியை விட்டுவிட்டுத் தூங்கப்போக மனம் வராத பிள்ளையா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த ஐந்தாம் வருஷத்தைத் தயங்காமல் கொடுங்கள்.

அடுத்த முறை ஈ.சி.ஜி. எடுக்கப் போனால், வலது காலில் மாட்டும் கம்பியைக் கவனியுங்கள். மற்ற கம்பிகள் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவை தெளிவாகக் கேட்பதற்காக இரைச்சலை அடக்கிப்பிடிப்பது அந்த ஒரு கம்பி. அதை அங்கே கொண்டுவந்து மாட்டியது, ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் பொறுமை.