பந்தைக் கொடுப்பவரும் பெறுபவரும்



பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச வருவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மலைநாட்டுப் பள்ளிகளிலே பணியாற்றிய ஆசிரியருக்கு விளையாட்டு மைதானமும் ஒரு வகுப்பறையே. அங்கே கரும்பலகை இல்லை. பாடமும் தேர்வும் உண்டு. எங்கள் நீலகிரியில் சமதரை கிடைப்பது அரிது. மேட்டுப் பக்கம் ஆடுகிறவனுக்கு ஒரு நீதி, பள்ளத்துப் பக்கம் ஆடுகிறவனுக்கு ஒரு நீதி. பந்து எல்லையைத் தாண்டினால், ஓடைக்குள் இறங்கித் தேடி எடுத்து வருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும். ஆயினும் இங்குள்ள சிறுவர்களுக்குக் கால்பந்தின்மேல் உள்ள காதல் சிறிதும் குறைவதில்லை. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருப்பதனால், படைவீரர்கள் ஆடுவதைப் பார்த்துப் பழகிய குடும்பங்களும் இம்மாவட்டத்தில் உண்டு.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் இருக்கிறது பைக்காரா. மழைக் காலத்தில் அங்கே தேநீர்க் கடைக்குள் ஒதுங்குகிறவர்கள் வெளியேற மனமின்றி எதையாவது விவாதித்துக்கொண்டிருப்பார்கள். சென்ற ஒன்றிரண்டு ஆண்டுகளாக அவ்விவாதங்களில் அடிக்கடி அடிபட்ட பெயர் சுனில் சேத்ரி. நாற்பது வயதைத் தாண்டியும் ஒருவர் இந்திய அணியின் முன்னணியில் ஆடலாமா? அவருடைய உடல் எப்படித் தாங்குகிறது? அவர் நின்றதனால் மற்றவர்கள் வளர்ந்தார்களா, வளர இடமின்றிப் போனார்களா? இளைஞர்களின் இவ்வினாக்கள் வெறும் வம்புப் பேச்சல்ல என்பது என் கருத்து. ஆட்டக்களத்துக்கு வெளியேயும் நாம் அனைவரும் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள் இவை.

முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சில செய்திகள். சேத்ரி 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் செகந்தராபாதில் பிறந்தவர். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். தாயார் நேபாள மகளிர் அணியில் ஆடியவர். 2002-ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். 2005 ஜூன் 12 அன்று குவெட்டா நகரில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணியில் முதன்முதலாக ஆடினார்; அந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் அடித்தார். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு நாட்டு அணியிலிருந்து விடைபெற்றபோது, அவர் ஆடியிருந்த ஆட்டங்கள் 151. அடித்திருந்த கோல்கள் 94. நாட்டு ஆடவர் அணிகளுக்காக அவரைவிட மிகுதியாகக் கோல் அடித்தவர்கள் அன்று உலகிலேயே மூவர்தாம்: ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி.

பத்தொன்பது ஆண்டுகள் ஓர் உடல் இவ்வுழைப்பைத் தாங்கியது எங்ஙனம்? இதற்கு மந்திரமோ மருந்தோ கிடையாது. உணவிலும் உறக்கத்திலும் அவர் காட்டிய கண்டிப்பு அவருடன் ஆடியோர் அனைவரும் அறிந்தது. இத்தகைய ஒழுக்கத்துக்கு உலகறிந்த மற்றொரு சான்று இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ். முடிதிருத்தும் தொழிலும் குத்துச்சண்டையும் அறிந்த தந்தை, சிறுவயதிலேயே அவரை அதிகாலையில் எழுப்பி உடற்பயிற்சி செய்ய வைத்தார். மதுவையும் புகையையும் தொடாத மாத்யூஸ் 1965 பிப்ரவரியில், ஐம்பது வயது நிறைந்து ஐந்தாம் நாள், அந்நாட்டின் முதல் பிரிவு ஆட்டமொன்றில் ஆடினார். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்த சேமிப்பே முதுமையில் கைகொடுக்கிறது. பணத்திற்குப் பொருந்துவது உடலுக்கும் பொருந்தும்.

இனி இரண்டாவது வினா. நெடுநாள் ஆடிய ஒருவரின் பெருமையையும், அவரிடமிருந்து பந்தைப் பெற்றுக் கோல் அடித்தவர்களின் பெருமையையும் எப்படிப் பங்கிடுவது? அமெரிக்க நாட்டில் ஆடப்படும் கால்பந்து நம்முடையதினும் வேறானது. அதிலே ஒருவர் பந்தைக் கையால் எறிவார்; மற்றவர்கள் ஓடிச் சென்று பிடிப்பார்கள். டாம் பிரேடி என்பவர் நாற்பத்தைந்து வயது வரையில் அங்கே எறிபவராக இருந்தார். அவர் ஓய்வு பெறுவதாக 2022-இல் அறிவித்து, நாற்பதே நாட்களில் மனம் மாறித் திரும்பி, 2023-இல் மீண்டும் ஓய்வு பெற்றார். எறிந்தவரால் பிடித்தவர் உயர்ந்தாரா, பிடித்தவரால் எறிந்தவர் உயர்ந்தாரா என்று அந்நாட்டு ரசிகர்கள் ஓயாமல் வாதிடுவது வழக்கம்.

இந்த வாதத்தை விளக்க மாத்யூஸின் வாழ்விலேயே ஓர் அழகிய நிகழ்ச்சி உண்டு. 1953 மே 2 அன்று இலண்டன் வெம்பிளி மைதானத்தில் பிளாக்பூல் அணிக்கும் போல்ட்டன் அணிக்கும் கோப்பைக்கான இறுதி ஆட்டம். மாத்யூஸுக்கு அப்போது வயது 38. ஆட்டம் முடிய இருபத்தைந்து நிமிடங்கூட இல்லாத நிலையில் பிளாக்பூல் 1-3 என்று பின்தங்கியிருந்தது. வலது ஓரத்தில் மாத்யூஸ் எதிரிகளைத் தாண்டித் தாண்டிப் பந்தை உள்ளே அனுப்பினார். ஆட்டம் 4-3 என்று பிளாக்பூலுக்குச் சாதகமாக முடிந்தது. மக்கள் அதற்கு ‘மாத்யூஸின் இறுதியாட்டம்’ என்று பெயரிட்டார்கள். ஆனால் அன்று மூன்று கோல் அடித்தவர் ஸ்டான் மார்ட்டென்சன். வெற்றிக் கோலை அடித்தவர் பில் பெர்ரி. மாத்யூஸ் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை!

பெயர் ஒருவருக்கு, கோல் மற்றவருக்கு. இஃது அநீதியா? பந்து உரிய இடத்திற்கு வராவிட்டால் மார்ட்டென்சன் என்ன செய்திருப்பார்? வந்த பந்தை அடிக்க மார்ட்டென்சன் இல்லாவிட்டால் மாத்யூஸின் திறமை எந்தக் கணக்கில் ஏறியிருக்கும்? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் மாதிரிப் பாடம் நடத்தும்போது, பார்வையிட வரும் பேராசிரியர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். கடைசி வரிசை மாணவனின் முகத்தைப் பார்ப்பார். நீ என்ன சொன்னாய் என்பது பாடமன்று, அவனிடம் என்ன போய்ச் சேர்ந்தது என்பதே பாடம் என்று சொல்வார். பந்தாட்டத்துக்கும் அளவுகோல் அதுவே.

சேத்ரியும் ஒரு காலத்தில் பெறுபவராக இருந்தவர்தாம். 2008 ஆகஸ்டு 13 அன்று தில்லியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானை இந்தியா 4-1 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல் அடித்தார். மற்றொரு கோலை அடித்தவர் அணித்தலைவர் பாய்ச்சுங் பூட்டியா. அந்த வெற்றியால்தான், 1984-க்குப் பின் முதன்முறையாக, 2011 ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி நமக்குக் கிடைத்தது. மூத்தவரும் இளையவரும் ஒரே களத்தில் தோளோடு தோள் நின்ற காலம் அது. மூத்தவர் விலகியபோது இளையவர் ஆயத்தமாக இருந்தார்.

பிறகு சேத்ரி மூத்தவரானார். அவரோடு முன்னணியில் நின்றவர்களுள் மிசோரத்தைச் சேர்ந்த ஜெஜெ லால்பெக்லுவா சிறந்தவர். 2016 ஜனவரி 3 அன்று திருவனந்தபுரத்தில் தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆப்கானிஸ்தானை 2-1 என்று நாம் வென்றபோது, ஒரு கோல் ஜெஜெயுடையது, மற்றொன்று சேத்ரியுடையது. 2018-இல் சென்னையின் எப்.சி. பட்டம் வென்றதிலும் ஜெஜெவுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் முழங்கால் காயம் அவரை முடக்கிவிட்டது. ஆறேழு ஆண்டு இளையவரான அவர் களத்தைவிட்டு நீங்கி, 2023-இல் மிசோரம் சட்டமன்றத்துக்கே உறுப்பினராகிவிட்டார். மூத்தவரோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். உடல் நீடித்திருப்பதில் ஒழுக்கத்துக்குப் பங்குண்டு, நற்பேற்றுக்கும் பங்குண்டு. காயமுற்ற இளைஞனைச் சோம்பேறி என்று ஏசும் ரசிகர்கள் இதை மறவாதிருப்பது நன்று.

இப்போது தேநீர்க் கடை விவாதத்தின் மையத்திற்கு வருவோம். சேத்ரி விலகிய பின் 2024-இல் இந்தியா ஐந்து ஆட்டங்கள் ஆடியது, மொத்தம் அடித்த கோல்கள் மூன்றே, வெற்றி ஒன்றுமில்லை. 2025 மார்ச்சில், அன்றைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸின் அழைப்பை ஏற்று அவர் திரும்பி வந்தார். மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று வென்றபோது மூன்றாவது கோலைத் தலையால் முட்டி அடித்தார். பதினாறு மாதங்களுக்குப் பின் கிடைத்த முதல் வெற்றி அது. “பார்த்தீர்களா, அவரின்றி இயலாது” என்றனர் ஒரு சாரார்.

மறுசாரார் சொன்னதிலும் உண்மை இல்லாமலில்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் சேத்ரியும் ஆடினார்; மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம்; ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அவர் மறுபடி வந்த பின்னும், 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தோம். நவம்பரில் அவர் இரண்டாம் முறையாக நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார். ஒருவர் வந்ததனாலும் குறை தீரவில்லை, போனதனாலும் தீரவில்லை.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? ஐ.எஸ்.எல். போட்டிகள் 2014-இல் தொடங்கின. 2024-25 வரையில் நடந்த பருவங்கள் ஒவ்வொன்றிலும், மிகுதியாகக் கோல் அடித்தவருக்கான விருதைப் பெற்றவர் வெளிநாட்டாரே. அவர்களுள் பிரேசிலின் எலானோவும், கொலம்பியாவின் மெண்டோசாவும், லித்துவேனியாவின் வால்ஸ்கிஸும் நம் சென்னை அணிக்காக ஆடியவர்கள். அவர்கள் மீது குற்றம் காண்பது தவறு. அவர்கள் ஆட்டம் நமக்கு இன்பமும் பாடமும் தந்தது. ஆயினும் கோலுக்கு முன்னே நிற்கும் அந்த ஓர் இடத்தைக் கழகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டாருக்கே கொடுத்துவந்தால், நம் இளைஞன் கோல் அடிக்கப் பழகுவது எங்கே? 2024-25 பருவத்தில் இந்தியர்களுள் மிகுதியாகக் கோல் அடித்தவர் யார்? பதினான்கு கோல் அடித்த சேத்ரிதான், நாற்பது வயதில்! அவரைப் பாராட்டிக் கைதட்டும்போதே நம் நெஞ்சு சற்று உறுத்த வேண்டாமா?

மூத்தவர் நிழலில் கன்றுகள் வாடின என்பதை நான் ஏற்கவில்லை. கன்றுகளுக்கு நிலம் கொடுக்கப்படவில்லை என்பதே என் முடிவு. ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டமே நடக்கவில்லை என்றால், அதை அவருடைய பெருமை என்று யாரும் பேச மாட்டார்கள். பொறுப்பை முன்கூட்டியே பகிர்ந்து பழக்காத ஏற்பாட்டின் குறை என்றே சொல்வார்கள். ஒரு மனிதரின் உறுதி, ஓர் அமைப்பின் ஓட்டையைப் பல்லாண்டுகள் மறைத்துவிடக்கூடும். அவர் நகர்ந்தபோதுதான் காற்று உள்ளே வீசுகிறது.

பைக்காராவில் வாழும் எங்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. பைக்காரா நீர் மின்சார நிலையம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதற்கு இந்த மின்சாரம் ஒரு முக்கிய காரணம். ஆலைகளின் புகழ் ஊரெல்லாம் பரவியது. மலையடிவாரத்துச் சிங்காராவில் சுழலும் எந்திரத்தை நினைத்தவர் சிலரே. இருப்பினும் எந்திரம் சுழன்றது. அங்கே உழைத்து முடித்த தண்ணீர் வீணாகவில்லை. 1950-களின் தொடக்கத்தில் மாயாற்று மின்நிலையம் எழுந்தபோது, அதே நீர் அங்கும் இறங்கி மறுபடி மின்சாரம் தந்தது. மேலேயுள்ள நிலையம் நீரைத் தனக்கே தேக்கிக்கொண்டதில்லை. ஆனால் கீழே மற்றொரு நிலையத்தைக் கட்ட யாரோ முன்கூட்டித் திட்டமிட வேண்டியிருந்தது. திட்டமிடாவிட்டால் அந்த நீர் வெறுமனே ஓடித்தான் போயிருக்கும்.

ஆகவே, விவாதிக்கும் இளைஞர்களுக்கு நான் கூற விரும்புவது இவ்வளவே. மூத்த ஆட்டக்காரரை ஏசவும் வேண்டா. அவரைத் தெய்வமாக்கிக் கைகட்டி நிற்கவும் வேண்டா. 2018 ஜூனில் மும்பையில் இந்தியா சீனத் தைபேயை 5-0 என்று வென்றபோது, பார்க்க வந்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்திற்கு வாருங்கள் என்று சேத்ரி அப்போது நாட்டு மக்களை வேண்டினார். அடுத்த ஆட்டத்தில் அரங்கம் நிறைந்தது. அவரும் இரண்டு கோல் அடித்தார். பார்வையாளர் என்ற முறையில் நமக்கும் ஆட்டத்தில் ஒரு பங்குண்டு என்பதை அது காட்டவில்லையா?

அந்தப் பங்கை நம் ஊர் மைதானத்திலேயே தொடங்கலாம். நம் சிற்றூர் அணிகளில் பெரியவர்கள் ஆடி முடித்து இருட்டிய பிறகே சிறுவர்களுக்குப் பந்து கிடைக்கிறது. அதை மாற்றுங்கள். ஓர் அணியில் முப்பது வயதுடையவர் நால்வர் ஆடினால், பதினாறு வயதுடையவர் இருவரையும் உடன் நிறுத்துங்கள். கோலுக்கு அருகே பந்து வரும்போது பெரியவர் தாமே உதைக்காமல் ஒருமுறை அந்தச் சிறுவனிடம் தள்ளட்டும். அவன் வெளியே அடித்துவிடக்கூடும், மறுமுறையும் தள்ளட்டும். மூன்றாம் முறை பந்து வலைக்குள் போகும்போது, அந்தக் கோல் இருவர் கணக்கிலும் ஏறும்.