நடந்தால் மட்டும் போதுமா?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல, ஜிம் மாஸ்டரும் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது எனக்கு ஏற்பட்ட ஒரு சங்கடம்.

சென்ற ஆண்டு நம் 'பி' பிளாக்கில் ஒரு கிரகப்பிரவேசம். ஹோமத்தின் முன் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. கையை ஊன்றினேன், முழங்காலைப் பிடித்தேன். கடைசியில் இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். "பார்த்து அங்கிள், மெதுவா" என்றார்கள். டாக்டரிடம் போனேன். மூட்டில் பெரிய கோளாறு இல்லை, தொடையில்தான் சதை இல்லை என்றார்.

எனக்கு அது புரியவில்லை. பத்து வருஷமாகத் தினமும் காலையில் நம் வளாகத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடப்பவன் நான். நடக்கிறவன் காலில் சதை குறையுமா? குறையும் என்பதுதான் நான் படித்துத் தெரிந்துகொண்ட முதல் பாடம்.

நம் தசைக்குள் பெரும்பாலும் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. ஒன்று நிதானமாக நெடுநேரம் உழைப்பது. நடக்கும்போது முக்கியமாக வேலை செய்வது இதுதான். இன்னொன்று வேகமாக, பலமாகச் சுருங்குவது. தரையிலிருந்து எழ, பஸ் படியில் ஏற, தடுக்கும்போது சட்டென்று காலை முன்னே வைத்து விழாமல் தப்பிக்க இதுதான் வேண்டும். வயதாக ஆக அதிகம் மெலிவது இந்த இரண்டாவது வகை. பாரம் தூக்கினாலோ வேகமாக இயங்கினாலோதான் உடம்பு அதை வேலைக்குக் கூப்பிடும். நான் பத்து வருஷமாக ஒரு கணக்கில் மட்டும் பணம் போட்டுவிட்டு, இன்னொரு கணக்கில் செக் எழுதியிருக்கிறேன். செக் திரும்பி வந்ததில் ஆச்சரியமில்லை.

அதற்காக நடைப்பயிற்சி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பரிசோதித்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடியும் அழைத்துச் சோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்கள் இழந்திருந்தது, அன்று மூன்று வாரப் படுக்கையில் இழந்ததைவிடக் குறைவு! ஆறு மாதம் நடை, ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், அந்தத் திறன் 1966-இல் படுக்கைக்கு முன்பிருந்த அளவுக்குத் திரும்பியது. மூச்சுக்கும் இதயத்துக்கும் நடை அவ்வளவு நல்லது. ஆகவே காலை நடையை யாரும் நிறுத்த வேண்டாம்.

ஆனால் பலத்துக்கு வேறு பயிற்சி வேண்டும். "இந்த வயதில் எதற்கு?" என்பவர்களுக்கு இன்னொரு ஆய்வு. 1990-இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வயது 86 முதல் 96 வரை. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். அதோடு இன்னொன்றும் கவனியுங்கள்: பயிற்சியை நான்கு வாரம் நிறுத்தியதும் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இது ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடும் டெபாசிட் அல்ல. மாதாமாதம் கட்டும் ஆர்.டி.

இனி ஹார்மோன் விஷயம். நம்மில் பலருக்கும் நேரடியாகச் சம்பந்தமுள்ளது இன்சுலின். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு உள்ளே வாங்கிக்கொள்வது தசைதான். அதற்குக் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலேயே இன்னொரு வழியாகச் சர்க்கரை உள்ளே போகிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. நடைக்கும் இந்தப் பலன் உண்டு, எடைப் பயிற்சிக்கும் உண்டு. சதை கூடினால் சர்க்கரையை வைக்கும் கிடங்கும் பெரிதாகிறது. ஒன்றிரண்டு நாளில் பலன் தீர்ந்துவிடும் என்பதால்தான், ஞாயிறு மட்டும் மூச்சு முட்டச் செய்துவிட்டு மற்ற நாள் சும்மா இருந்தால் இந்தப் பலன் வாரம் முழுவதும் கிடைக்காது.

அடுத்தது டெஸ்டோஸ்டிரோன். ஆண்களுக்கு நடுவயதிலிருந்து மெல்லக் குறைந்துகொண்டே வரும். பாரம் தூக்கியவுடன் இதுவும் வளர்ச்சி ஹார்மோனும் கொஞ்ச நேரம் ஏறி, சீக்கிரமே இறங்கிவிடும். அந்த ஏற்றத்தால்தான் சதை வளர்கிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். இளைஞர்கள் ஒரு கைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி செய்தார்கள். வேறொரு நாள் மறு கைக்குப் பயிற்சி செய்து, கூடவே கடுமையான கால் பயிற்சியும் செய்து ஹார்மோனை ஏற வைத்தார்கள். பதினைந்து வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கைகளும் ஒரே அளவுதான் வளர்ந்திருந்தன. ஆக, சதையை வளர்ப்பது அந்த நேரத்து ஹார்மோன் ஏற்றம் அல்ல. அந்தத் தசையே சுமந்த பாரம்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பேரப்பிள்ளைகளும் பிள்ளைகளும் ஜிம்முக்குப் போகும் வீடுகள் இங்கே நிறைய. "ஹார்மோன் பூஸ்டர்" என்று டப்பாவில் விற்பதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். ஊசி விஷயம் அதைவிட மோசம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் சதை வளரும் என்பது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரவு வருகிறது என்று தெரிந்ததும், உடம்பு சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணுக்கள் குறையும். கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். வீட்டில் பையன் திடீரென்று ஊதிப் பெருத்தால், திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது. பாரம் தாங்கும் பயிற்சி அந்தத் தேய்மானத்தைத் தணிக்க உதவும். "வீட்டு வேலையே போதும்" என்று சொல்லும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவு மீறினாலும் கெடுதல்தான். போதிய சாப்பாடு இல்லாமல் தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு ஆண்களானால் டெஸ்டோஸ்டிரோன் குறையலாம், பெண்களானால் மாதவிடாயே தள்ளிப்போய் நின்றுவிடலாம். மாரத்தானுக்குத் தயாராகும் நம் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

"இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றையொன்று கெடுக்குமாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். 1980-இல் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், வாரம் ஐந்து நாள் எடையும் ஆறு நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். ஏழு வாரம் வரை பலம் கூடியது. கடைசி இரண்டு வாரத்தில் குறைந்தது. அது அந்த அளவுக்கு உழைப்பவர்கள் கவலை. காலையில் நடந்துவிட்டு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் நமக்கு அந்தப் பயம் தேவையில்லை.

எவ்வளவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சி. குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் மூன்று நாளாவது, உடம்பு தடுமாறாமல் நிற்கும் பயிற்சியையும் பலத்துக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே உங்களைச் சோதித்துப் பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12-க்குக் கீழே, பெண்கள் 11-க்குக் கீழே வந்தால் விழும் அபாயம் அதிகம் என்று அர்த்தம். நான் முதல் தடவை எட்டோடு நின்றுவிட்டேன்.

சில எச்சரிக்கைகள். இதய நோய், ரத்த அழுத்தம், கண் விழித்திரைப் பிரச்சினை, குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது; ரத்த அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். நெஞ்சு இறுக்கினால், தலை சுற்றினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். சாப்பாட்டில் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று புரதம் சேரட்டும். இரண்டு இட்லியும் காபியும் சதையை வளர்க்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதையும் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஜிம் அறையைச் சாமான் அறையாக மாற்றலாம் என்று போன பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. "நாலு பசங்க வர்றாங்க, அதுக்கு எதுக்கு கரண்ட்டு?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நாலு பேர் மட்டும் வரக் காரணம் அறை அல்ல, நாம்தான். முடிவெடுக்கும் முன் மூன்று மாதம் காலை பத்து முதல் பதினொன்று வரை அந்த அறையைப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி நான்கு, சுவரில் ஒரு பிடிகம்பி, இரண்டு மூன்று கிலோ டம்பெல்கள், வாரம் இரண்டு நாள் ஒரு பயிற்சியாளர் போதும். வருகைப் பதிவேட்டை நானே எழுதுகிறேன். மூன்று மாதத்தில் ஆள் சேரவில்லை என்றால், சாமான்களை அடுக்க நானும் வருகிறேன்.

நான் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. நாற்காலிக் கணக்கு எட்டிலிருந்து பதின்மூன்று ஆகியிருக்கிறது. போன மாதம் பேத்தியோடு தரையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினேன். முடிந்ததும் ஒரு கையை ஊன்றித்தான் எழுந்தேன். ஆனால் யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை.

செவ்வாய், வெள்ளி காலை பத்து மணிக்கு ஜிம் வாசலில் இருப்பேன். வாருங்கள்.