அரை நியூட்டனும் ஒரு முறுக்கும்



திருப்பரங்குன்றத்தில் ஃபைனல் இயரில் கிரிக்கெட் பந்து என் முன்பல்லை ஈறுக்குக் கீழே உடைத்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும். "பிடுங்கிடலாம் தம்பி" என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர் வேரைக் காப்பாற்றினார். வேர்ச் சிகிச்சை முடித்து, தற்காலிகத் தொப்பி ஒட்டி, கம்பி கட்டி வேரை மெல்ல வெளியே இழுப்பது. வாரத்துக்குச் சுமார் 1 மி.மீ. இழுவிசை ஏறக்குறைய 50 கிராம், அதாவது அரை நியூட்டன்தான்.

ஆனாலும் தொப்பி இரண்டு தடவை கழன்றது. இரண்டாம் தடவை கையில் முறுக்கு! அப்போதுதான் உறைத்தது: சிமென்டுக்குச் சோதனை கம்பி அல்ல, திரும்பத் திரும்பக் கடிக்கிற கடி.

துத்தநாக ஆக்ஸைடும் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலும் குழைத்த சிமென்ட் அது. 4 மி.மீ. விட்டம், 6 மி.மீ. உயரத்தில் வார்த்து, 37 டிகிரியில் வைத்திருந்து அழுத்திப் பார்ப்பார்கள். நம்ம லேப் கான்கிரீட் கியூபுக்குத் தம்பி! ஆனால் கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்ச வலிமை கேட்போம். ஐ.எஸ்.ஓ. 3107 தற்காலிக வகைக்கு உச்சவரம்பு வைக்கிறது: 35 மெகாபாஸ்கல், அந்தத் துண்டுக்குச் சுமார் 45 கிலோ. ஏன்? கழற்றும்போது வேர் உடைந்துவிடக் கூடாது.

ஆகவே அழுத்தம் மட்டும் போதாது. ஈரத்தில், விட்டுவிட்டு வரும் இழுவையிலும் சோதிக்க வேண்டும். பிடிக்கவும் வேண்டும், விடவும் தெரிய வேண்டும். அந்தப் பல் இன்றும் என் வாயில்தான் இருக்கிறது.