அஞ்சு நிமிச வேலை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் தொழிலைப் பத்திப் பேசுப்பா, ஆனா ரொம்ப டெக்னிக்கலா வேண்டாம்" என்றார். தொழிற்சாலைகளில் மின்சாரப் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்வது என் தொழில். கொஞ்சம் கணக்கு வரத்தான் செய்யும். எஞ்சினியரிங் காலேஜில் அதற்குக்கூட மன்னிப்பு இல்லை என்றால் எங்கே போவது?

1932இல் பைகாரா மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் நம் கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. பஞ்சாலை, ஃபவுண்டரி, மோட்டார், பம்ப் என்று இந்தக் கொங்கு மண் பிழைப்பதே மின்சாரத்தால்தான். அதனால்தானோ என்னவோ, அதன் மீது நமக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. வீட்டு நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல் பேனலைத் தட்டுகிறோம்.

நான் 2010இல் இங்கிருந்து வெளியே போனேன். 2012இல் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் எஞ்சினியர். அந்த வருஷத்து மின்வெட்டு இங்கே இருக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. வந்த நேரத்தில் ஒரு நிமிஷம்கூட மெஷின் நிற்கக் கூடாது. கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும், மெயின் பிரேக்கர் டிரிப் ஆகும், ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கும். ஒரு நாள் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த பிரேக்கரின் செட்டிங்கை உச்சத்துக்குத் திருகிவிட்டேன். அதற்குப் பிறகு டிரிப் ஆகவே இல்லை. எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஃபீடரில் கேபிள் லக் சூடாகிக் கருகல் வாடை வந்தது. எங்கள் எலக்ட்ரீசியன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "ஏனுங்க சார், அஞ்சு நிமிச வேலைதானுங்க. லைன்லயே முறுக்கிடறேன்" என்றார். மெயினை ஆஃப் செய்தால் ஸ்பின்னிங் முழுக்க நிற்கும். நான் "சரிங்கண்ணா, பார்த்துச் செய்யுங்க" என்றேன். ஃபீடர் சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. ஆனால் அவர் கை வைத்தது பஸ்பார் பக்கம். ஸ்பேனர் நழுவி இரண்டு ஃபேஸைத் தொட்டது.

சத்தம் கேட்டு நான் திரும்பியபோது அறை முழுக்க வெள்ளை வெளிச்சம், பிறகு கரும்புகை. பிரேக்கர் டிரிப் ஆகவே இல்லை. லக் உருகி விலகிய பிறகு நெருப்பு தானாக அணைந்தது. அண்ணனுக்கு இரண்டு கை, கழுத்து, முகம் எல்லாம் தீக்காயம். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. உயிர் பிழைத்தார். வலது கை விரல்கள் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

இதைத்தான் ஆர்க் ஃபிளாஷ் என்கிறோம். கரண்ட் அடிப்பது வேறு, இது வேறு. இது தொடாமலே சுடும். ரால்ஃப் லீ என்ற அமெரிக்க எஞ்சினியர் 1982இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இதைத் தனி ஆபத்தாகக் கணக்கில் எடுத்தது. மின்வில்லின் வெப்பம் 20,000 டிகிரியைத் தொடக்கூடியது. சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். செம்பு ஆவியாகும்போது 67,000 மடங்கு விரிகிறது. அதுதான் அந்த வெடிச்சத்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், இம்பிடன்ஸ் 5 சதவீதம், 433 வோல்ட். முழு லோடு கரண்ட் 1,333 ஆம்பியர். அதை 0.05ஆல் வகுத்தால் ஃபால்ட் கரண்ட் ஏறத்தாழ 26,700 ஆம்பியர். இதை நாம் எல்லோரும் இந்த வகுப்பறைகளில் போட்டிருக்கிறோம். எதற்காகப் போட்டோம்? பிரேக்கர் அந்த அடியைத் தாங்குமா என்று பார்க்க. பிரேக்கருக்கு முன்னால் நிற்கிற ஆள் தாங்குவானா என்று பரீட்சையில் கேள்வி வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த ஆளுக்கான கணக்கில் இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று தூரம், மற்றது நேரம். பேனல் வேலையில் முகமும் நெஞ்சும் சுமார் ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும். தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி விழுந்தாலே கொப்புளம் போடும். ஐ.ட்ரிபிள்.ஈ. 1584 என்ற நெறிமுறை 2002இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. 2018 முறைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய 2002 சூத்திரத்தைக் கால்குலேட்டரிலேயே போடலாம். போட்டால், மேலே சொன்ன பேனலில் பிரேக்கர் 0.1 நொடியில் அறுத்தால் சுமார் 5 கலோரி. 0.4 நொடி ஆனால் 19. ஒரு நொடி ஆனால் 47. டிரான்ஸ்ஃபார்மர் அதேதான், பேனல் அதேதான். மாறியது நேரம் மட்டும்தான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தம்பிகள் கவனிக்க வேண்டும். ஆர்க் ஏற்படும்போது ஓடுவது அந்த 26,700 ஆம்பியர் இல்லை. நடுவே காற்று இருப்பதால் இந்த வோல்டேஜில் ஏறத்தாழ பாதிதான், 13,000லிருந்து 14,000 வரை. எங்கள் மெயின் பிரேக்கர் 1,600 ஆம்பியர். நான் உச்சத்துக்குத் திருகி வைத்தது பத்து மடங்கு, அதாவது 16,000. அந்தப் பிரேக்கர் கண்ணுக்கு அன்றைக்கு நடந்தது ஷார்ட் சர்க்யூட்டே இல்லை, வெறும் ஓவர்லோடு. சாவகாசமாகக் காத்திருந்தது. கரண்ட் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ்: கரண்ட் குறைந்ததால் நேரம் கூடியது, நேரம் கூடியதால் நெருப்பு கூடியது.

இந்தக் கணக்கை நான் 2016இல்தான் கற்றுக்கொண்டேன். போட்டுப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்று சோதனைக்குப் போகும் இடங்களில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ் போனால் அதற்குப் பதில் செம்புக் கம்பி. சிங்கிள் லைன் டயக்ராம் கேட்டால் கட்டடம் கட்டிய வருஷத்து நகல், அதற்குப் பிறகு போட்ட இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் அதில் இல்லை. ரிலே செட்டிங்கை யார், எப்போது மாற்றினார்கள் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பேனலுக்குள் பஞ்சுத் தூசி. மெயின் பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு அதன் மேல் டெர்மினலிலேயே கை வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், உயிரோடுதான் இருக்கும். அங்கே ஆர்க் வந்தால் ஹெச்.டி. பக்கப் பாதுகாப்புதான் அறுக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் அதிக நேரம் ஆகும். பேனல் அறையிலேயே அதிக வெப்பம் விழக்கூடிய இடம் அதுதான்.

வழி இல்லாமல் இல்லை. முதல் வழி ஆஃப் செய்வது, பூட்டுப் போடுவது, கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்வது. இதற்குப் பைசா செலவில்லை. இரண்டாவது, ஆர்க் கரண்டையும் கணக்கில் எடுத்து செட்டிங் வைப்பது. மோட்டார்கள் ஒன்றாக ஸ்டார்ட் ஆவதுதான் பிரச்சினை என்றால், ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் அன்று செய்திருக்க வேண்டியது அதுதான். சூடாகும் லக்கை, லோடு ஓடும்போதே தெர்மல் கேமராவில் எட்ட நின்று கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை முறுக்கலாம். வெளிச்சத்தைக் கண்டு சில மில்லி நொடியில் டிரிப் கொடுக்கும் ஆர்க் ரிலேக்களும் உண்டு. உடுப்பு கடைசி. 8 கலோரி, 40 கலோரி என்று சூட்கள் கிடைக்கின்றன. அவை தோலைக் காக்கும், வெடிப்பின் அடியைத் தாங்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பஞ்சுக்கும் பனியனுக்கும் பெயர் போன ஊரில், நம் எலக்ட்ரீசியன் பாலியஸ்டர் போட்டுக்கொண்டு பேனலைத் திறக்கிறார். சாதாரணப் பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது.

2016இல் கணக்கைப் போட்ட பிறகு அண்ணனைப் பார்க்க அவர் ஊருக்குப் போனேன். செட்டிங்கைத் திருகியது நான்தான் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர், "என் கை தவறிடுச்சுங்க சார், நீங்க வெசனப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர். அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே தெரிஞ்சிருந்தா மெயினை ஆஃப் பண்ணுங்கன்னு நானே சொல்லியிருப்பேனுங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

பேனலில் ஒட்டுகிற அந்த எச்சரிக்கை ஸ்டிக்கர் இன்ஸ்பெக்ஷனுக்காக இல்லை. ஸ்பேனர் பிடிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது அவருக்குத் தெரிவதற்காக. தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்.

சொந்தமாக யூனிட் நடத்தும் அண்ணன்மார்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் சப்ஸ்டேஷனை நம் இறுதியாண்டு மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். தம்பி தங்கைகளுக்கு: ப்ராஜெக்ட்டுக்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். பேராசிரியரின் மேற்பார்வையில் ஒரு சின்ன யூனிட்டின் லைன் டயக்ராமைச் சரியாக வரையுங்கள், செட்டிங்குகளைக் குறியுங்கள், ஒவ்வொரு பேனலிலும் எத்தனை கலோரி என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள். பேனல் கதவை நீங்கள் திறக்கக் கூடாது. அங்கே இருக்கிற எலக்ட்ரீசியனைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கணக்கை விளக்குங்கள். "அஞ்சு நிமிச வேலை" என்று யாராவது சொன்னால், அந்த அஞ்சு நிமிஷம் மெயினை ஆஃப் பண்ணுங்கள்.