உழவர் கடன் அட்டை: வாங்குவதும் வைத்துக் காப்பதும்

(வடமதுரை வட்டாரச் சிறு, குறு விவசாயிகளிடையே நிகழ்த்திய உரை)



செம்மண் நிலத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பித் தக்காளி, மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம், முருங்கை என்று சாகுபடி செய்து வரும் உங்களிடம் விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசப் பலர் வருவார்கள். அவற்றை வாங்கும் பணத்தைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கிறேன். அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறதோ, அதைப் பொறுத்தே விளைந்த பொருளை யாரிடம் விற்பது என்பதும் பெரும்பாலும் முடிவாகி விடுகிறது.

தக்காளியையே எடுத்துக் கொள்வோம். நாற்று நடும்போது கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால், பழம் பறித்த பெட்டிகள் அந்த மண்டிக்கே போயாக வேண்டும். அய்யலூரில் விலை இறங்கி, ஒட்டன்சத்திரத்தில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வண்டியைத் திருப்ப முடியாது. மண்டிக்காரரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அவசரத்திற்குக் கைகொடுத்தவர் அவர்தான். ஆனால் வட்டியில்லாத முன்பணம் என்று ஒன்று கிடையாது. அந்த வட்டி கமிஷனிலோ விலையிலோ ஒளிந்திருக்கும்.

வெளியில் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், ஒரு லட்ச ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 36,000 ரூபாய். அதே ஒரு லட்சத்தை வங்கியில் உழவர் கடன் அட்டையின்பேரில் எடுத்து, தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4,000 ரூபாய். இந்த 32,000 ரூபாய் வித்தியாசம் எந்த உரத்தாலும் எந்த வீரிய விதையாலும் எளிதில் கிடைக்கக் கூடியதல்ல.

உழவனுக்கு அமைப்பு ரீதியாகக் கடன் தரும் முயற்சி நம் நாட்டில் புதிதல்ல. 1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. அப்படியிருந்தும் 1951-52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில், கிராமக் கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வட்டிக்கடைக்காரர்களிடமிருந்தே வந்தது தெரிய வந்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1982இல் நபார்டு வங்கி அமைக்கப்பட்டது. 1998இல் 'கிசான் கிரெடிட் கார்டு' என்னும் உழவர் கடன் அட்டைத் திட்டம் வந்தது. அதன் விதிகள் 2012இல் பெரிதும் எளிமையாக்கப்பட்டன.

இந்த அட்டையை, நகரத்துக் கடைகளில் சாமான் வாங்கத் தேய்க்கிற கடன் அட்டையோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அந்த அட்டைகள் பலவற்றில், பாக்கி வைத்தால் வட்டி மாதத்திற்கே 3 சதவீதத்திற்கு மேல் போகும். மாவு மில், தையல் கடை போன்றவற்றைத் தனி ஆளாக நடத்துவோருக்கென வேறொரு கடன் அட்டையை மத்திய அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அதற்கு 'உதயம்' தளத்தில் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். நிலத்தை உழுபவருக்கும் கால்நடை வளர்ப்பவருக்கும் உரியது உழவர் கடன் அட்டையே.

பட்டா யார் பெயரில்?

விண்ணப்பம் பெரிய வேலையல்ல. ஒரு தாள் படிவம், ஆதார், புகைப்படம், பட்டா அல்லது சிட்டா, கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் அடங்கல், வேறு வங்கியில் இதே நிலத்திற்குப் பயிர்க்கடன் இல்லை என்ற உறுதிமொழி. இவ்வளவுதான். ஆனால் நம் பகுதியில் விண்ணப்பம் தடைப்படுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தகப்பனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அல்லது அண்ணன் தம்பி நால்வர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். நிலத்தில் வரப்புப் போட்டுத் தனித்தனியே பயிர் செய்வார்கள். காகிதத்தில் மட்டும் பாகம் பிரியாது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாத வீடாக இருந்தால் இன்னும் சிரமம்.

கூட்டுப் பட்டாவின்பேரில் கடன் கொடுக்கச் சில கிளைகள் மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதத்தைக் கேட்கும். ஓராண்டு கடிதம் வாங்கிச் சமாளிக்கலாம். ஆண்டுதோறும் தம்பி வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? எனவே முதல் வேலையாகப் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்து விடுங்கள். தகப்பனார் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். பாகப்பிரிவினையைப் பத்திரமாகப் பதிவு செய்து, இ-சேவை மையம் வழியாக உட்பிரிவுக்கு விண்ணப்பித்தால், நில அளவர் வந்து அளந்து, வேடசந்தூர் வட்டாட்சியர் அலுவலகம் மூலம் தனிப் பட்டா கிடைக்கும். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால், ஆடியில் கடன் தேவையென்றால் தையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வங்கிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பயிர் இன்சூரன்சுக்கும் வெள்ள, வறட்சி நிவாரணத்திற்கும் முதலில் கேட்பது இதைத்தான்.

சொந்த நிலம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவர், வாரத்திற்கு உழுபவர் ஆகியோருக்கும் அட்டை உண்டு என்று விதி தெளிவாகவே கூறுகிறது. நடைமுறையில், எழுத்துப்பூர்வமான குத்தகை இல்லாதவருக்கு வங்கி தயங்குகிறது. நிலச் சொந்தக்காரரும் கையெழுத்துப் போட அஞ்சுகிறார். அப்படிப்பட்டவர்கள் 4 முதல் 10 பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்துக் கடன் கேட்கலாம். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பு என்பதால், யாரோடு சேர்கிறோம் என்பதைப் பார்த்துச் சேர வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2018-19 முதல் ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்களுக்கும் இந்த அட்டை விரிவாக்கப்பட்டுள்ளது. இதற்கு வயல் உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. தீவனம், மருத்துவச் செலவு, கூலி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். அய்யலூர்ச் சந்தையில் புதிதாக ஆடு வாங்க இந்தப் பணம் அல்ல. அதற்குத் தனிக் கடன் உண்டு. சங்கத்திற்குப் பால் ஊற்றுகிற கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், அதையே வரவுக்குச் சான்றாக எடுத்துக் கொண்டு போங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் மாவட்டத் தொழில்நுட்பக் குழு கடன் அளவை நிர்ணயிக்கிறது. வங்கி மேலாளர் தம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கும் தொகையல்ல அது. கணக்குக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 2 ஏக்கருக்கு 80,000 ரூபாய். இதனுடன் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதம், அதாவது 8,000 ரூபாயும், மோட்டார், பைப்பு, கருவிகள் பராமரிப்புக்கு 20 சதவீதம், அதாவது 16,000 ரூபாயும் சேரும். ஆக 1,04,000 ரூபாய். பயிர் இன்சூரன்சுக் கட்டணம் இதற்கு மேல். அட்டை 5 ஆண்டுகளுக்கு உரியது. ஆண்டுக்கு 10 சதவீதம் வரம்பு உயர்வதால் ஐந்தாம் ஆண்டில் இது சுமார் ஒன்றரை மடங்காகும்.

2025 ஜனவரி 1 முதல், 2 லட்ச ரூபாய் வரை நிலத்தை அடமானம் வைக்கத் தேவையில்லை. விளையும் பயிரே ஈடு. 3 லட்சம் வரையிலான கடனுக்கு 7 சதவீத வட்டி. குறித்த நாளுக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. இந்த 3 லட்சம் என்ற வரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பெரிய தொகை கேட்பவர்கள் தற்போது நடைமுறையில் உள்ள வரம்பைக் கிளையில் விசாரித்துக் கொள்ள வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராகிப் பயிர்க்கடன் பெற்றுத் தவணைக்குள் கட்டுபவருக்கு, மீதி வட்டியையும் தமிழக அரசே ஏற்றுக் கொள்கிறது. சங்கத்தில் உங்கள் தேவைக்குக் கடன் கிடைக்குமானால் அதுவே முதல் வழி. ஒரே நிலத்தைக் காட்டி இரண்டு இடத்திலும் வாங்க முயல வேண்டாம். இன்று எல்லாக் கடனும் ஆதார் எண்ணின்பேரில் தெரிந்து விடுகிறது.

விண்ணப்பத்தைக் கொடுத்ததும் கையோடு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பி வருவதைவிட, தேதியிட்ட ஒரு துண்டுச் சீட்டு மேல். தாமதமானால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் முறையிடலாம். திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திற்கு அவரும் வருவார். அங்கே அந்தச் சீட்டு பேசும்.

தவணை நாள்

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். அட்டை என்பது ஒரே நாளில் மொத்தமாக வாங்கி வரும் கடன் அல்ல. அது ஓடிக் கொண்டிருக்கும் கணக்கு. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்து மட்டுமே வட்டி. எடுக்காத தொகைக்கு வட்டியில்லை. கட்டிய தொகையை மறுபடி தேவைப்படும்போது எடுக்கலாம்.

ஆனால் நம்மில் பலர் வரம்பு முழுவதையும் முதல் நாளே எடுத்து விடுகிறோம். 80,000 ரூபாயை 6 மாதம் வைத்திருந்தால், 7 சதவீதக் கணக்கில் 2,800 ரூபாய் வட்டி. நடவுக்கு 30,000, மறு மாதம் உரத்திற்கும் கொடி கட்டவும் 20,000, பிறகு மருந்துக்கும் களைக்கும் 20,000, கடைசியில் பறிப்புக் கூலிக்கு 10,000 என்று முறையே 6, 5, 3, 1 மாதங்களுக்கு எடுத்தால் ஏறக்குறைய 2,040 ரூபாய்தான். மிச்சம் 760 ரூபாய். இது பெரிய தொகை இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மைதான். பெரிய இழப்பு வட்டியில் இல்லை. கையில் இருக்கும் பணம் காதுகுத்துக்கும் சீர்வரிசைக்கும் போய்விட்டு, மூன்றாம் மாதம் மருந்துக் கடையில் கடன் சொல்ல வைக்கிறது. அங்கே விலையும் கூடுதல், நாம் கேட்ட மருந்தும் கிடைக்காது.

அடுத்து, கட்டும் நாள். பயிர் அறுவடையாகி விற்பனையாகும் காலத்தை ஒட்டியே தவணை நாளை நிர்ணயிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே விண்ணப்பிக்கும்போதே உண்மையில் என்ன பயிர், எந்த மாதம் நடவு, எந்த மாதம் கடைசிப் பறிப்பு என்பதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். கூடுதல் தொகை கிடைக்கும் என்று போடாத பயிரைப் போட்டதாக எழுதினால், தவணை நாளும் பொருந்தாது, இன்சூரன்சும் கிடைக்காது.

தவணை நாள் கடந்துவிட்டால் 3 சதவீதத் தள்ளுபடி போய்விடும். அதற்கு மேலும் நாள் கடந்தால் 7 சதவீதச் சலுகையும் நிற்காது, வங்கியின் வழக்கமான வட்டி ஓடத் தொடங்கும். இதற்கு அஞ்சிச் சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். தவணைக்கு முதல் நாள் வெளியில் நாள் வட்டிக்குப் பணம் வாங்கி வங்கியில் கட்டி, இரண்டு மூன்று நாளில் புதிதாக எடுத்து வெளிக்கடனை அடைக்கிறார்கள். காகிதத்தில் கணக்கு சுத்தமாகத் தெரியும். அசல் ஒரு ரூபாய் குறையாது. மழை பெய்த நல்ல ஆண்டிலும் குறையாது. புதுப்பிக்க வங்கியில் ஒரு வாரம் தாமதமானால், நாள் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்பார். 4 சதவீதக் கடன் வாங்கியவர் மீட்டர் வட்டியில் சிக்குவது இப்படித்தான்.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு பறிப்புக்கும் மண்டியிலிருந்து வரும் பணத்தில் ஒரு பகுதியை, வீட்டுக்குக் கொண்டு போகாமல், அந்த வாரமே அட்டைக் கணக்கில் போட்டு விடுங்கள். 500 ரூபாயானாலும் சரி. போட்ட அன்றே வட்டி குறைகிறது. தேவைப்பட்டால் திரும்ப எடுக்கவும் தடையில்லை. கடன் முழுதும் தீர்ந்து உங்கள் பணம் மிஞ்சினால், அதற்குச் சேமிப்புக் கணக்கு வட்டி உண்டு என்றும் 2012 விதிகள் கூறுகின்றன. தக்காளி போன்று வாரத்தில் பல முறை பறிக்கும் பயிருக்கு இது நன்கு பொருந்தும். நிலக்கடலை, மக்காச்சோளம் போன்று ஒரே தடவை பணம் வரும் பயிருக்கு, விற்ற நாளன்றே கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மழை பொய்த்துக் கிணறு வற்றிவிட்டால், தவணை நாள் வரும்வரை பேசாமல் இருந்துவிடக் கூடாது. பயிர் வாடும்போதே வேளாண்மை உதவி அலுவலருக்கும் கிளை மேலாளருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அரசு இயற்கை இடர் என்று அறிவித்தால் தவணையை மாற்றியமைக்க இடமுண்டு. பயிர் இன்சூரன்சு 2020 முதல் கடன்தாரருக்கும் கட்டாயமில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவருக்குக் கணக்கிலிருந்தே கட்டணம் பிடிக்கப்படும். எந்தப் பயிருக்கு, எத்தனை ஏக்கருக்குப் பிடித்தார்கள் என்பதைப் பாஸ் புத்தகத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். மக்காச்சோளம் போட்டவருக்கு நெல்லுக்கு இன்சூரன்சு செய்திருந்தால் பயனில்லை.

கடைசியாக, அட்டையை உரக்கடையில் ஈடாகக் கொடுத்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இரகசிய எண்ணையும் சேர்த்தே சொல்லி விடுகிறார்கள். வேண்டாம். உரம் வாங்கினால் உங்கள் கண்முன் தொகையைப் பதிந்து, சீட்டையும் அட்டையையும் அப்போதே கையில் வாங்கிக் கொள்ளுங்கள்.